யார் செய்த பாவம்? கயானாக் காட்டுப் பொன்னும் நம் வீட்டுச் சங்கிலியும்



இறந்தோரை நினைந்து மன்றாடும் நவம்பர் மாதம் இது. கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நம் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் செய்தித் தொகுப்பு ஒன்றைக் காட்டினார். பிரெஞ்சு கயானாவின் காட்டுக்குள், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பழங்குடித் தாய் ஒருவர் தம் குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஆற்று மீனில் பாதரசம் இருப்பதாகவும், கருவுற்ற பெண்கள் அதை உண்ணலாகாது என்று தாதியர் சொல்வதாகவும் அவர் கூறினார். வேறு என்னத்தை உண்பது என்று அவர் கேட்டார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் தலையை அசைத்து, "அதுகள் குடிச்சே அழியிற சனம், ஃபாதர். மீனிலை என்ன இருக்கு?" என்றார்.

அவர் நல்லவர். ஊரில் எத்தனையோ பேருக்கு உதவி செய்பவர். அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. அந்நேரத்தில் அவருக்குச் சொல்ல என்னிடமும் தக்க மறுமொழி இருக்கவில்லை. வீடு திரும்பியபின் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எனவே வாசித்தேன், வாசித்ததை உங்களோடு பகிர்கிறேன். சற்று நீளமான பதிவு இது. ஆறுதலாக வாசியுங்கள். இறுதியில் உங்களிடம் கேட்க எனக்குச் சில உண்டு.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவருடையதா இவர் பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். நோயைக் கண்டதும் நோயாளியிடத்தில் குற்றம் தேடுவது மனித இயல்பு. ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்கவில்லை. இருவர்மீதும் பழி சுமத்த மறுத்துவிட்டு, குனிந்து மண்ணைக் குழைத்துக் குணமாக்கும் வேலையைத் தொடங்குகிறார். இக்கட்டுரை முழுவதிலும் அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் அறியாத பிரான்ஸ்

பிரெஞ்சு கயானா தென்னமெரிக்காவின் வடகிழக்கில் பிரேசிலுக்கும் சூரினாமுக்கும் இடையே உள்ளது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். பரப்பளவு ஏறக்குறைய 84,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவைவிடப் பெரியது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. அங்கும் யூரோதான் பணம், அங்கும் இதே குடியரசின் சட்டம். ஏரியான் விண்கலங்கள் 1979 முதல் அங்குள்ள கூரு தளத்திலிருந்தே ஏவப்படுகின்றன. 2021ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்த விண்கலம் புறப்பட்டதும் அங்கிருந்தே.

அந்நிலத்தின் முதற்குடிகள் ஆறு இனத்தார்: காலின்யா, லோகோனோ, பலிகூர், வயானா, தேக்கோ, வயாம்பி. ஐரோப்பியர் வருமுன் பல்லாயிரவராய் இருந்த இம்மக்கள், வந்தபின் இரண்டு நூற்றாண்டுகளில் பெருமளவு அழிந்தனர். போரைவிட அதிகம் கொன்றவை பெரியம்மை, சின்னம்முத்து, சளிக்காய்ச்சல் ஆகியவை. அந்நோய்களை அவர்கள் உடல்கள் முன்பு அறிந்ததில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் குருவாகிய நான் மறைக்கலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயேசு சபையினர் கூரு முதலிய இடங்களில் மறைபரப்பு ஊர்களை அமைத்து, காட்டில் சிதறி வாழ்ந்தோரை ஓரிடத்தில் சேர்த்தனர். அடிமை வேட்டையாடுவோரிடமிருந்து அவர்களைக் காப்பதும் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் நெருங்கி வாழ்ந்த இடத்தில் தொற்று விரைந்து பரவியது. நல்லெண்ணத்தோடு கட்டிய ஊர்களிலும் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர்.

எஞ்சியோர் ஆறுகளின் மேற்பகுதிக்கு, அருவிகளுக்கு அப்பால், மற்றவர் எளிதில் வரமுடியாத இடங்களுக்கு ஒதுங்கினர். அங்கும் அவர்களைத் தேடி ஒன்று வந்தது. அது பொன்.

காரைக்காலில் ஏறிய கப்பல்

1855இல் அப்புரவாக் ஆற்றின் பக்கம் பொன் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1848இல், பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தது. விடுதலை பெற்றோர் பழைய தோட்டங்களில் வேலை செய்ய விரும்பவில்லை. ஆள் வேண்டும். எங்கே ஆள் எடுப்பது?

புதுச்சேரி, காரைக்கால் வழித்தோன்றல்களாய் நம் பங்கில் இருப்போர் இவ்விடத்தைக் கவனித்து வாசியுங்கள். மேஸ்திரிகள் என்ற ஆள்பிடிகாரர்கள் தஞ்சை, தென்னாற்காடு மாவட்டங்களின் ஊர்களில் அலைந்து, பஞ்சத்தாலும் கடனாலும் நொந்தவர்களை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேற்றினர். குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் ரெயூனியோனுக்கும் போனவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரெஞ்சு கயானாவுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. 1856 முதல் இருபது ஆண்டுகளுக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறக்கப்பட்டனர். கரும்புத் தோட்ட வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பலர் பொன் தோண்டும் காட்டுக் களங்களுக்கு மாற்றப்பட்டனர். இடுப்பளவு நீரில் நின்று மண்ணை அலசும் வேலை அது. மலேரியா, வயிற்றுளைச்சல், போதிய உணவின்மை, அருகில் மருத்துவர் எவரும் இல்லாமை ஆகியவற்றால் அவர்கள் மாண்ட வேகத்தைக் கண்டு, 1876இல் பிரித்தானிய இந்திய அரசே கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கூலி ஏற்றுமதியை எத்தனையோ இடங்களில் பொறுத்துக்கொண்ட ஓர் ஆட்சி இதைப் பொறுக்கவில்லை என்றால், நிலைமை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அவர்கள் இறந்ததற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்கள் நமக்குப் பழக்கமானவை. தமிழ்க் கூலி உடலால் நலிந்தவன், அழுக்காய் இருப்பவன், குடிப்பவன். கோப்பிக் காலத்து இலங்கையிலும் தோட்டத்துரைமார் இதையே சொன்னார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்ட மக்கள் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தபோது, குற்றம் அவர்களுடைய பழக்கவழக்கங்கள்மீது சுமத்தப்பட்டது. வழியில் நீரும் இருப்பிடமும் மருந்தும் வைக்காதவர்கள்மீது அது சுமத்தப்படவில்லை.

ஆகவே, "குடிச்சே அழியிற சனம்" என்ற வாக்கியம் நமக்கு அந்நியமானது அன்று. ஒரு காலத்தில் அது நம்மைக் குறித்துச் சொல்லப்பட்டது.

எட்டாத குடியரசு

பொன் வேட்டை காட்டை நிறைத்தபோது, காட்டு மக்களின் நிலையை அரசு எவ்வாறு ஒழுங்குபடுத்தியது? 1930இல் உட்பகுதி முழுவதும் இனினி என்ற தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிக்கப்பட்டு ஆளுநரின் நேரடிப் பொறுப்பில் விடப்பட்டது. கடற்கரையில் இருந்தோர் குடிமக்கள். உட்பகுதியின் முதற்குடிகளுக்கோ நகரசபையும் இல்லை, தேர்தலும் இல்லை, பிறப்பு இறப்புப் பதிவும் இல்லை. 1969இல் இனினி கலைக்கப்பட்டு கிராம நகரசபைகள் உருவாக்கப்பட்டன. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களும் ஆக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த நிலம் அரசின் நிலமாகவே எழுதப்பட்டிருந்தது. குடியுரிமை வந்தது, நிலவுரிமை வரவில்லை. 1984 டிசம்பரில் அவாலா ஊரில் கூடிய பழங்குடியினர் பேரவையில் ஃபெலிக்ஸ் தியூக்கா என்ற காலின்யாத் தலைவர் ஆட்சியாளர் முன்னிலையில் நிலத்தையும் மொழியையும் தன்மானத்தையும் கேட்டுப் பேசிய உரை, இன்றும் அவர்களுடைய இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2017ஆம் ஆண்டு கயானா முழுவதும் ஸ்தம்பித்த பெரும் போராட்டத்தின் பின், முதற்குடிகளுக்கு 400,000 ஹெக்டேர் நிலத்தை ஒப்படைப்பதாக அரசு எழுத்தில் உறுதியளித்தது. அவ்வாக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

இக்கதையில் திருச்சபைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1935இல் மானா என்ற ஊரில் கன்னியர் பொறுப்பில் ஒரு பிள்ளைகள் இல்லம் தொடங்கப்பட்டது. பின்னர் அரசின் நிதியோடு இராகூபோ, சன் லோரான், சன் ஜார்ஜ் ஆகிய இடங்களிலும் இல்லங்கள் எழுந்தன. பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே வளர்க்கப்பட்டனர். படிப்பிப்பதும் பண்படுத்துவதும் நோக்கம் என்றார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை, விடுமுறைக்கு மட்டுமே வீடு, சொந்த வழக்கங்களைக் குறித்த வெட்கம் ஆகியவற்றை அங்கு வளர்ந்தோர் முதியவர்களான பின்னரே வாய்திறந்து சொன்னார்கள். எலன் ஃபெரரினி என்ற ஊடகவியலாளர் 2022இல் இது குறித்து ஒரு நூல் எழுதினார். உண்மை அறியும் ஆணைக்குழு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்துள்ளது. அதே 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மஸ்க்வாசிஸ் என்னுமிடத்தில் நின்று, அந்நாட்டின் விடுதிப் பள்ளிகளில் கிறிஸ்தவர்கள் இழைத்த தீங்குகளுக்காக மன்னிப்புக் கேட்டார். மொழியும் குடும்பமும் பறிக்கப்பட்ட ஒரு தலைமுறை எவ்வாறு தன் பிள்ளைகளை வளர்க்கும் என்பதை, சிதறிப்போன நம் குடும்பங்களை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெத்ரோவில் அரைமணித் தூரம்

கயானா தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டாம். லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஏறி, எத்துவாலில் முதலாம் இலக்கத்துக்கு மாறி, லே சப்லோன் நிலையத்தில் இறங்கினால் ஜார்தான் தக்ளிமத்தாசியோன் பூங்கா. உங்கள் பிள்ளைகளை அங்கே ஊஞ்சல்களுக்கும் இராட்டினங்களுக்கும் அழைத்துப் போயிருப்பீர்கள். 1877 முதல் பல பத்தாண்டுகள் அங்கே மனிதர்கள் காட்சிக்கு வைக்கப்பட்டனர். 1883இல் இலங்கையிலிருந்து ஒரு குழு கொண்டுவரப்பட்டது. 1902இல் மலபார் என்ற பெயரில் தென்னிந்தியர் காட்டப்பட்டனர். கயானாப் பகுதியின் காலின்யா மக்கள் முதலில் 1882இலும், பின்னர் 1892இலும் கொண்டுவரப்பட்டனர்.

1892இல் வந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். வெப்பநிலத்து மக்கள் பாரிஸின் குளிரில், வேடிக்கை பார்க்க வந்தோர் முன்னிலையில், தம் அன்றாட வாழ்வை நடித்துக்காட்ட வைக்கப்பட்டனர். பலர் நெஞ்சுச்சளி நோயால் இங்கேயே இறந்தனர். இறந்தவர்களில் சிலருடைய எலும்புகள் அறிவியல் ஆய்வுக்கென எடுக்கப்பட்டு, இன்று துரோக்கதேரோவில் உள்ள மியூசே தெ லோம் என்னும் மானிடவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. உயிர் தப்பி ஊர் திரும்பியவர்களுள் மோலிக்கோ என்ற இளம்பெண்ணும் ஒருவர். அவருடைய வழித்தோன்றலான கொரின் தொக்கா தெவில்லியே தொடங்கிய சங்கம், அந்த எலும்புகளை ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறது. 2024இல் அவர்கள் பாரிஸுக்கு வந்து தம் முன்னோருக்குச் சடங்கு செய்தனர்.

2023 டிசம்பரில் மனித உடலெச்சங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. அது வெளிநாடுகள் கேட்டால் கொடுப்பதற்கான சட்டம். கயானா வெளிநாடு அன்று, அது பிரான்ஸ். ஆகவே அச்சட்டம் அவர்களை எட்டவில்லை. நிலம் கேட்கும்போது தனி மக்களாக ஏற்கப்படாதவர்கள், எலும்பு கேட்கும்போது பிரான்சுக்கு உள்ளே இருப்பதாலேயே காத்திருக்க வேண்டியவர்களானார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் எலும்பாவது கிடைக்காதா என்று புகைப்படத்தோடு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நம் தாய்மாரை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியை வாசித்தேன்.

மீனுக்குள் வந்த நஞ்சு

இனி அந்தத் தாயின் மடிக்குத் திரும்புவோம். வயானா மக்கள் மரோனி ஆற்றின் மேற்பகுதியில், மரிபசூலா நகரசபை எல்லைக்குள் வாழ்கின்றனர். பிரான்சிலேயே பரப்பளவில் மிகப் பெரிய நகரசபை அது. ஆனால் கடற்கரையிலிருந்து அங்கே செல்லத் தெரு இல்லை. சிறிய விமானத்தில் அல்லது படகில்தான் போகவேண்டும். கடும் நோயாளியை வானூர்தியில் கயென் நகருக்கு ஏற்ற வேண்டும். நமக்கோ லாரிபுவாசியே மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நம் பையில் உள்ள அதே பச்சை நிறக் காப்புறுதி அட்டைதான் அவர்களுக்கும். அட்டை ஒன்று, எட்டும் தூரம் வேறு.

1990களில் மீண்டும் ஒரு பொன்வேட்டை தொடங்கியது. பிரேசிலிலிருந்து வறுமையால் துரத்தப்பட்டு வந்த கரிம்பெய்ரோக்கள் அனுமதியின்றிக் காட்டுக்குள் புகுந்தனர். சேற்றில் கலந்த பொற்றுகளைப் பிரிக்கப் பாதரசம் ஊற்றப்படுகிறது. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். பின் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்ப் பொன் எஞ்சும். ஒரு கிலோ பொன்னுக்கு ஒரு கிலோவுக்கும் மேலான பாதரசம் செலவாகிறது. அது காற்றிலும் ஆற்றிலும் சேர்கிறது. காட்டை வெட்டி மண்ணைக் கிளறுவதால், இயற்கையாய் மண்ணில் இருந்த பாதரசமும், பழைய பொன்வேட்டைகள் விட்டுச்சென்றதும் சேர்ந்தே ஆற்றில் கரைகின்றன. ஆற்றடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசம் என்ற கொடிய வடிவுக்கு மாற்றுகின்றன. சிறு உயிரைத் தின்னும் சிறு மீன், சிறு மீனைத் தின்னும் பெரு மீன் என ஒவ்வொரு படியிலும் அது செறிகிறது. ஐமாரா போன்ற பெரிய இரைதின்னி மீனில் அது மிகுதி. அம்மக்கள் விரும்பி உண்பதும் அதுவே. நஞ்சுள்ள மீனுக்கு நிறமோ மணமோ சுவையோ வேறுபடுவதில்லை. தாயின் குருதியிலிருந்து தொப்புள்கொடி வழியே சென்று அது கருவின் மூளையை அடைகிறது.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் உலகம் இதைக் கண்டது. கனடாவில் உறவினர் உள்ளோர் கவனியுங்கள்: ஒன்ராறியோவின் கிராஸி நரோஸ் என்னும் பழங்குடி ஊரின் ஆற்றில், 1962 முதல் 1970 வரை ஆலை ஒன்று ஏறத்தாழ ஒன்பது தொன் பாதரசத்தைக் கொட்டியது, அதன் துன்பம் இன்றும் தீரவில்லை. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் பாதரச மாசு வெளிப்பட்டதால் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது.

கயானாவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990களிலேயே வயானா ஊர்களுக்குச் சென்று மக்களின் தலைமுடியைச் சோதித்தனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு எல்லை, ஒரு கிராம் முடியில் 10 மைக்ரோகிராம். சோதிக்கப்பட்டோரில் 57 விழுக்காட்டினர் அவ்வெல்லையைக் கடந்திருந்தனர். அதே காலத்தில் பிள்ளைகளிடம் நடந்த மற்றோர் ஆய்வு, தாயின் முடியில் பாதரசம் கூடக்கூட, கால்களின் ஒத்திசைவும் உருவத்தைப் பார்த்து வரையும் திறனும் குறைவதைக் காட்டியது. குடிப்பழக்கம் அறியாத பச்சிளம் பிள்ளைகள் அவர்கள்.

அதன்பின் நடந்தது என்ன? சட்டபூர்வச் சுரங்கங்களில் பாதரசம் 2006இல் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் ஆர்ப்பி என்ற பெயரில் இராணுவமும் காவற்படையும் சட்டவிரோதக் களங்களை அழித்து வருகின்றன. அப்பணியில் வீரர்களும் உயிரிழந்துள்ளனர். ஆயினும் ஒரு களம் அழிந்தால் வேறோர் இடத்தில் மற்றொன்று முளைக்கிறது. பொன்னின் விலை அவ்வாறு இழுக்கிறது. ஊர்மக்களுக்குக் கிடைத்த உறுதியான மாற்றம் ஓர் அறிவுரை: இந்த மீன்களை உண்ணாதீர்கள். அறிவுரை சரியானதுதான், தாதியர் அதை அக்கறையோடு சொல்கிறார்கள். ஆனால் மீனுக்கு மாற்றாகக் கிடைப்பது கடையில் விலைகூடிய டப்பா உணவு. ஆற்றை நஞ்சாக்கியவர் வேறு. உணவை மாற்ற வேண்டியவர் அந்தத் தாய். இதைத்தான் அவர் கேள்வியாகக் கேட்டார்.

குடியைப் பற்றி

குடி அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அதைவிடத் துயரமானதும் இருக்கிறது. இளம் வயதிலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்வோரின் விகிதம் உட்பகுதிப் பழங்குடி ஊர்களில், இங்குள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். இதை ஆராய அரசு அமர்த்திய நாடாளுமன்ற உறுப்பினர் இருவர், அலின் அர்ஷாம்போ, மரி ஆன் ஷப்தலேன் ஆகியோர், 2015இல் 37 பரிந்துரைகளோடு அறிக்கை அளித்தனர். அவர்கள் காரணங்களைத் தேடிய இடங்களைப் பாருங்கள்: மேற்படிப்புக்காகப் பன்னிரண்டு வயதளவில் ஊரைவிட்டு, அறிமுகமில்லாத குடும்பங்களில் தங்க வேண்டிய பிள்ளைகள், குழாய் நீரும் மின்சாரமும் தொலைபேசியும் எட்டாத ஊர்கள், தம் மொழியில் பேசத் தெரிந்த உளநல மருத்துவர் இல்லாமை, பொற்களங்கள் கொண்டுவந்த வன்முறை, தாம் யார் என்ற ஐயம். குடி இந்நோயின் வேர் அன்று. அது கிளை.

உலக சுகாதார நிறுவனம் மைக்கேல் மார்மொட் தலைமையில் அமைத்த ஆணையமும் 2008இல் இம்முடிவுக்கே வந்தது. மனிதர் நலமாய் வாழ்வதையும் நோயுறுவதையும், அவர்கள் பிறந்து வளர்ந்து வேலைசெய்து முதுமை அடையும் சூழல்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. அச்சூழல்களைப் பங்கிடுவது அதிகாரமும் பணமும். எனவே ஆண்டவரின் சீடர்கள் கேட்ட கேள்விக்கு வரலாறு தரும் விடை இது: பாவம் இந்தப் பிள்ளையுடையதன்று, பெற்றோருடையதும் அன்று. நிலத்தை எழுதிக்கொண்டவர், பள்ளியைத் தொலைவில் வைத்தவர், பொன்னை விற்றவர், வாங்கியவர் எனப் பல கைகள் அதில் உண்டு.

இவ்விடத்தில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களில் எவருக்கேனும் மனச்சுமை தாங்கமுடியாததாய் இருந்தால், தனியே சுமக்காதீர்கள். என்னை எந்நேரமும் அழையுங்கள். 3114 என்ற இலக்கம் இரவு பகலாகத் திறந்திருக்கிறது, கட்டணமில்லை.

நம் கழுத்துச் சங்கிலி

வாங்கியவர் என்றேன். இதை எழுதக் கை தயங்கியது. நமக்குப் பொன் வெறும் ஆடம்பரம் அன்று என்பதை நான் அறிவேன். ஊரைவிட்டு ஓடியபோது சேலை மடிப்பில் முடிந்துகொண்டு வந்த இரண்டு காப்புகள்தான் பல குடும்பங்களின் முதல் மூலதனம். தாலிக்கொடியை அடகுவைத்து மகனை வெளிநாடு அனுப்பிய தாய்மார் நம் திருப்பலியில் முன்வரிசையில் இருக்கிறார்கள். வங்கி நம்பாத மக்களுக்குப் பொன்தான் வங்கி. அதை நான் இகழவில்லை.

லாச்சப்பலில் விற்கும் பொன் கயானாவிலிருந்து வந்தது என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. இல்லை என்று உறுதிகூறவும் பெரும்பாலும் இயலாது. உருக்கிய பொன்னுக்கு ஊர் இல்லை. சட்டப்படி எடுத்ததும் திருட்டாய் எடுத்ததும் ஒரே உலையில் கலந்தபின் ஒரே நிறம். அந்த மறைவில்தான் இந்தத் தீமை வாழ்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, வரும் ஆண்டு முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, புதிதாய்ச் சங்கிலி வாங்குமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மம்மாவின் பழைய நகையை உருக்கிச் செய்த சிறு சிலுவை, பிள்ளைக்குக் கூடுதல் பெருமை. புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால், இது எங்கிருந்து வந்த பொன் என்று கடைக்காரரிடம் மரியாதையோடு கேளுங்கள். அவருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். நூறு பேர் கேட்டால் அவரும் தமக்கு விற்பவரிடம் கேட்பார்.

இரண்டாவது, பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அடுத்தமுறை அழைத்துப் போகும்போது, விளையாடி முடிந்தபின், 1892இல் அங்கே குளிரில் நின்றவர்களின் கதையைச் சொல்லுங்கள். பள்ளியில் அதைச் சொல்வார்களோ இல்லையோ, நாம் சொல்லலாம்.

மூன்றாவது, வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் நம் வேடர் மக்களையும், மலையகத்து லயத்தில் வாழ்வோரையும் குறித்துப் பேசும்போது, "அதுகள்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவர்களும் "அவர்கள்"தான்.

இம்மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலைத் திருப்பலியை, காரைக்காலில் கப்பலேறிக் கயானாவின் பொற்களங்களில் பெயரின்றிப் புதைந்த நம் முன்னோருக்காகவும், பாரிஸில் இறந்து இன்னும் அடக்கம் காணாத காலின்யா மக்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கிறேன். அவர்களுடைய வழித்தோன்றல்கள் எல்லாரும் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய சடங்கை அவர்களே செய்வார்கள். நாம் நம் பங்குக்கு மெழுகுதிரி ஏற்றுவோம். திருப்பலிக்குப் பின் வழக்கம்போல் தேநீர் உண்டு. ஞாயிறன்று பேசிய பெரியவரிடம் இப்பதிவை ஏற்கெனவே வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், தம் பூட்டன் காலத்தில் குடும்பத்தில் ஒருவர் கப்பலேறித் திரும்பி வரவில்லை என்று சொன்னார். எந்த நாட்டுக்கு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாதாம். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வாருங்கள்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் பங்குப் பணியில்,
அருட்தந்தை